முதற் பாட்டும் ஒரு திருத்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் கலைப் பக்கத்தில் வந்த பாட்டு விமர்சனத்தைக் கொக்குவிலில் ஒரு சலூனில் முடி வெட்டக் காத்திருந்தபோது வாசித்தேன். பாதியில் என் முறை வந்துவிட்டது. "தம்பி, அடுத்த ஆளைப் பாரும்" என்று சொல்லிவிட்டு, இருந்து முழுவதையும் இரண்டு தரம் வாசித்தேன். அதில் எழுதப்பட்டிருப்பவள் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளை. இருபத்துமூன்று வயது. பகலில் ஒரு பாமசியில் நிற்கிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் தன் முதற் பாட்டை ஒலிப்பதிவு செய்து, தைப்பொங்கல் கழிந்த கையோடு யூரியூப்பில் விட்டாள்.

பிழை பிடிப்பது விமர்சகரின் தொழில். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை, சில இடங்களில் அவர் சொன்னது சரியும்கூட. ஆனால் கட்டுரையின் அடியில் பெட்டி கட்டி "பாடல் ஆக்கம்" என்று போட்டு, அதற்கு நேரே ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரை அச்சடித்திருக்கிறீர்கள். அந்தப் பாட்டின் சொல்லும் மெட்டும் அவளுடையவை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் பேனை எடுத்தேன். மற்றவை கதை வாக்கில் சேர்ந்து வருபவை. இடம் போதாவிட்டால் அவற்றை வெட்டுங்கள்.

நான் ஆர் என்று சொல்ல வேண்டும். 1980 தொடங்கி 1987 ஒக்ரோபர் வரை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்குக் கிட்ட ஒரு குறுக்குத் தெருவில் றெக்கோடிங் பார் நடத்தினவன். இப்போதைய பிள்ளைகள் "பார்" என்றதும் வேறு கடையை நினைத்துச் சிரிக்கிறார்கள். ஆட்கள் வெறுங் கசெற்றோடு வருவார்கள். பாட்டுகளுக்கு இலக்கம் போட்டு நான் எழுதி வைத்த சீ.ஆர். கொப்பி என்ற பெரிய கொப்பியைப் புரட்டி, விரும்பின பாட்டுகளின் இலக்கத்தைத் துண்டில் எழுதித் தருவார்கள். இரண்டு நாளால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அறுபது நிமிடக் கசெற்றில் பக்கத்துக்கு ஏழு பாட்டு. ஏழாவது பாட்டு பாதியில் அறுந்திருந்தால் மூன்றாம் நாள் சண்டைக்கு வருவார்கள்.

1984இல் என்று நினைவு. காரைநகர்க் கப்பற்காரர் ஒருவர் 45 சுற்று இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வந்து, கசெற்றில் பதிந்து தரச் சொன்னார். அமெரிக்கத் தட்டு. நடுவில் ரூபாய்க் குற்றியிலும் பெரிய ஓட்டை. என்னுடைய மெசினின் நடுக்கம்பியில் அது ஆடிக்கொண்டு நின்றது. பழைய றப்பர்ச் செருப்பொன்றை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, அதற்குள் அடைத்துத்தான் ஓட விட்டேன். ஓர்கன் மெல்ல இழுத்தது. பிறகு ஒரு மனிதன் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் நின்று பாடத் தொடங்கினான். மேல் மாடித் தையற்கடைக்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடி வந்து, "என்ன, ஆருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். சாவீட்டுச் செய்தி என்று நினைத்துவிட்டார். பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நானும் அவரும் கப்பற்காரரும் அதைத் திருப்பித் திருப்பி நாலு தரம் கேட்டோம். "உவன் ஆஸ்பத்திரியிலை நோயாளியளைத் தூக்கி இறக்கினவனாம்" என்றார் கப்பற்காரர்.

பிற்காலத்தில் தேடி வாசித்தபோது அவர் சொன்னது மெய்தான் என்று கண்டேன். பாடகர் பேர்சி ஸ்லெட்ஜ். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஷெபீல்ட் என்ற சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். கிழமை முழுக்க வாட்டில் வேலை, சனி ஞாயிறு ஒரு சிறு குழுவோடு பாட்டு. அவருடைய பராமரிப்பில் இருந்த நோயாளி ஒருவர்தான் அவரைக் குவின் ஐவி என்பவரிடம் அறிமுகப்படுத்தி வைத்தார். இந்த ஐவி அந்த ஊரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர், வானொலியிலும் தட்டுப் போட்டவர், பக்கத்திலேயே ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடமும் திறந்திருந்தார். தட்டுக் கடைக்காரன் ஒருவன் இந்தக் கதையில் வருகிறான் என்று அறிந்தபோது எனக்கு வந்த பெருமையை மறைக்க மாட்டேன்.

அந்தக் கூடத்தில்தான் ஸ்லெட்ஜின் முதற் பாட்டு பதிவானது: "வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்". 1966இன் முற்பகுதி. வாக்குரிமைக்காகச் செல்மா நகரிலிருந்து கறுப்பின மக்கள் நடந்து போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதே அலபாமாவில், ஒரு அறைக்குள் கறுப்பினத்துப் பாடகர் பாட, ஓர்கன் வாசித்த ஸ்பூனர் ஓல்டமும் மேளம் அடித்த ரொஜர் ஹோக்கின்ஸும் வெள்ளையர்கள். பக்கத்து ஊரில் கூடம் வைத்திருந்த ரிக் ஹோல் என்பவர் பாட்டைக் கேட்டுவிட்டு, நியூயோர்க் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லருக்குத் தகவல் கொடுத்தார். மே 28இல் அது அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் முதலிடம். இரண்டு கிழமை அங்கே நின்றது. அதை இறக்கிவிட்டு ஏறியவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர். பிரித்தானியாவில் நாலாம் இடம். வாட்டில் வேலை செய்த ஒருவரின் முதற் பாட்டு! அதற்குப் பிறகு அவர் பாடிய எதுவும் அந்த உயரத்துக்குப் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனித் தங்கள் விமர்சகரிடம் வருகிறேன். ஸ்லெட்ஜ் பாடியது "சோல்" என்ற இசை வகை, பிள்ளையின் பாட்டும் அந்தச் சாயல்தான். "யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சோல் எதற்கு, கிளப்புகளில் பாடும் இரவல் சோகம் எதற்கு" என்று கேட்டிருக்கிறார். சோல் கிளப்பில் பிறந்ததல்ல. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடிப் பழகிய தொண்டைகள் வெளியே வந்து காதலையும் பிரிவையும் பாடியதில் உருவானது. தேர்முட்டியடியில் தேவாரம் பாடி வளர்ந்தவன் கலியாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் எப்படிப் பாடுவான்? அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவல் என்ற சொல்லும் எனக்குப் பொருந்தி வரவில்லை. நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டம் நாடகத்தில் அரிச்சந்திரனாக நின்று பாட, பாய் கொண்டுபோய் விரித்து விடிய விடிய இருந்து கேட்டு மூக்கைச் சிந்தின சனம் நாங்கள். எங்கள் அம்மா எத்தனையாவது தரம் பார்த்தாலும் அதே இடத்தில் அழுவா. குரலை உச்சியில் நிறுத்தி உடைத்து இறக்குவதை அலபாமாக்காரன் வந்து எங்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை.

விமர்சகர் எழுதிய ஒப்பாரி என்ற சொல் எங்கள் ஒழுங்கையிலும் வந்தது. பிள்ளையின் பெரியம்மா ரொறன்ரோவிலிருந்து கோல் எடுத்து, "இது என்னடி, ஒப்பாரியே? நல்ல நாள் பெருநாளிலை" என்று கேட்டாவாம். மினிபஸ் ஓடுகிற பெடியன் ஒருவன் ஒரு நாள் பஸ்ஸில் போட்டான். பாதி வழியில் ஆரோ சத்தம் போட, மாற்றிவிட்டான். ஆனால் எங்கள் சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரர் இன்றைக்கும் போடுகிறார். விமர்சனத்தில் 1,140 பார்வை என்று ஏளனமாக எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு ஐம்பது தரமாவது பார்த்தது நானாக இருக்கும். மிச்சத்தில் ஓட்டோக்காரரின் பங்கையும் கழியுங்கள்.

பாட்டு எதைப் பற்றியது என்று கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. காதல் தோல்வி என்று விமர்சகர் எடுத்துக்கொண்டார் போலும், "காதலனைப் பழிக்கும் வரிகள்" என்கிறார். எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கிற ஒரு கல்வீட்டைப் பற்றியது பாட்டு. சொந்தக்காரர் கனடாவில். மாமரம் காய்த்துக் கொட்டுகிறது, பொறுக்க ஆளில்லை. படலையில் தொங்குகிற பூட்டைப் பார்த்துத்தான் "நீ ஏன் வாய் திறக்கிறாய் இல்லை" என்று அவள் கேட்கிறாள். விமர்சகர் அந்த வரியைக் காதலனிடம் கேட்பதாக நினைத்துவிட்டார். இரண்டாம் சரணத்தில் "வேலிக் கதியாலும் துளிர்த்துப் போச்சு" என்று பாடுகிறாளே, எந்தக் காதலனுக்கு ஐயா கதியால் தடி நட்டு வேலி அடைத்திருக்கிறது? முழுக்கக் கேட்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்தது சுருதி. "சுருதி ஞானம் போதாது, நீட்டும் இடங்களில் விலகல் தெளிவாகக் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறார். கேட்கிறதுதான், எனக்கும் கேட்டது. அது அவளுடைய குரலில் இல்லை. பின்னால் ஓடுகிற ஆர்மோனியம் அவளுடைய தாத்தாவினுடையது. அவர் இசை நாடகங்களுக்கு வாசித்தவர். கட்டிலுக்குக் கீழே வருடக் கணக்காகக் கிடந்த பெட்டி. துருத்தித் தோல் போய் நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். உள்ளே பித்தளை நாக்குகளில் ஒன்றிரண்டு உப்புக் காற்றில் களிம்பேறி, ஒரு மயிரிழை கீழே நிற்கின்றன. சுரண்டிப் பார்த்தேன், பயத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு சுரண்டல் கூடினால் நாக்கு முறிந்துவிடும். கூடத்துப் பெடியன் கீபோட்டில் ஆர்மோனியச் சத்தம் போட்டுத் தருகிறேன் என்றான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "றேடியோ மாமா, இது கொஞ்சம் அழுக்காய் இருக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள்.

அவள் சொன்னபோது எனக்கு 1966 நினைவுக்கு வந்தது. ஸ்லெட்ஜின் பாட்டில் பின்னால் வருகிற ஊதுகருவிகள் சுருதி சேரவில்லை என்று வெக்ஸ்லர் சொல்லி, அந்தப் பகுதியை மறுபடி ஊதிப் பதியச் சொன்னாராம். அவர்களும் செய்தார்களாம். பிறகு நாடாக்கள் மாறிப்போய், சுருதி சேராத பழைய பதிவே தட்டாக அச்சாகிக் கடைக்குப் போய்விட்டது என்பதுதான் அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லப்படும் கதை. செருப்பு றப்பரில் ஆடின தட்டில் கேட்டபோது என் மெசினின் பிழை என்றே நான் நினைத்திருந்தேன். இப்போது ஹெட்போன் போட்டுக் கேட்டாலும் கடைசிப் பகுதியில் அந்த ஊதுகுழல்கள் கொஞ்சம் பிசகித்தான் நிற்கின்றன.

சுருதியைப் பற்றி எங்கள் ஆட்களிடம் அதிகம் கதைக்கவும் தேவையில்லை. 1990க்குப் பிறகு யுத்தத்தால் இங்கே கரண்டும் இல்லை, பற்றறி கொண்டுவரவும் தடை. அந்த வருடங்களில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு றேடியோவுக்குக் கொடுத்தோம். நான் எத்தனை பேருக்குப் பூட்டிக் கொடுத்தேனோ கணக்கில்லை. செய்தி முடிந்ததும் பிள்ளைகள் கசெற் போடச் சொல்லுவார்கள். பெடலைக் கையால் சுற்றுகிறவனுக்குக் களைப்பு வந்தால் பாடகரின் குரல் கட்டையாகி இழுபடும். "டேய், சுத்தடா" என்று ஒரு சத்தம் போட, குரல் ஏறி வரும். ஐந்து வருடம் அப்படிப் பாட்டுக் கேட்ட காது இது.

பிள்ளையின் பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் சரணத்தில் குரலுக்கு மேல் மேளச் சத்தத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், அந்த நல்ல கதியால் வரி அமுங்கிப் போகிறது. முடிவில் நாலு தரம் ஒரே வரியைத் திருப்புகிறாள். இரண்டு போதும். அவளிடமே சொல்லிவிட்டேன். முகத்தை நீட்டினாள்.

இனி ஆக்கம் என்ற அந்தப் பெட்டி விடயம். ஸ்லெட்ஜின் இசைத்தட்டில் பாட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு பெயர் இருக்கும்: லூயிஸ், ரைற். கல்வின் லூயிஸ் அவருடைய அந்தச் சனி ஞாயிறுக் குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவர், அன்ட்ரூ ரைற் ஓர்கன் வாசித்தவர். தன்னை விட்டுப் போன ஒரு பெண்ணை நினைத்துத் தன்னிடமிருந்து வந்த பாட்டு அது, உரிமையைத் தோழர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஸ்லெட்ஜ் பிற்காலத்தில் சொன்னார். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதற்கு நான் சாட்சி இல்லை. ஆனால் தட்டில் அவருடைய பெயர் பாடகராக மட்டுமே இருந்தது, ஆக்கியோனுக்கு வருகிற காசும் அந்த இரண்டு பெயருக்கே போனது. 1987இல் லீவைஸ் காற்சட்டை விளம்பரத்தில் அந்தப் பாட்டைப் போட, அது பிரித்தானியாவில் மறுபடி ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்தது. அந்த நேரம் லண்டனிலிருந்த மச்சான் ஏரோகிறாம் போட்டிருந்தார்: "உன்ரை ஆஸ்பத்திரிக்காரன் திரும்ப வந்திட்டான்." 1991இல் மைக்கல் போல்ரன் என்பவர் அதே பாட்டைப் பாடி மறுபடி அமெரிக்காவில் முதலிடம் எடுத்தார். ஒவ்வொரு தரமும் அந்தச் சிறிய எழுத்துத்தான் காசு பார்த்தது. ஸ்லெட்ஜ் 2015 ஏப்ரலில் காலமானார்.

மச்சானின் ஏரோகிறாம் வந்த அதே வருடம் ஒக்ரோபர் சண்டையில் என் கடை போய்விட்டது. தட்டும் போச்சு, கொப்பியும் போச்சு. கப்பற்காரரின் தட்டை மட்டும் முன்னமே திருப்பிக் கொடுத்திருந்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏழு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பாட்டைப் பதிந்து விற்றேன். இசையமைத்தவருக்கோ பாடினவருக்கோ ஒரு சதம் கொடுத்ததில்லை, கசெற் மட்டையில் ஆக்கியோன் பெயரை ஒரு நாளும் எழுதினதுமில்லை. இடம் காணாது என்பேன். பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், கடையின் பெயர், இவ்வளவுதான். கடையின் பெயரை மட்டும் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் போட்டேன். ஆகவே தங்கள் பெட்டியைப் பார்த்தபோது எனக்குச் சுட்டது வேறு காரணத்தாலும்தான்.

ஒலிப்பதிவுக் கூடத்துப் பெடியனையும் நான் குறை சொல்ல மாட்டேன். யூரியூப்பில் பாட்டின் கீழே கூடத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பிள்ளையின் பெயரைக் "குரல்" என்ற இடத்தில் மட்டும் போட்டிருந்தான். கேட்டதும், "ஐயா, எல்லாப் பாட்டுக்கும் அப்பிடித்தான் போடுறது" என்று சொல்லி அன்றிரவே மாற்றினான். தங்கள் விமர்சகர் பழையதைப் பார்த்து எழுதியிருக்கலாம். ஆனால் நாளைக்கு இந்தப் பாட்டை ஆராவது கலியாண வீடியோவுக்கு எடுத்தால், வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து திருப்பிப் பாடக் கேட்டால், "பத்திரிகையிலேயே போட்டிருக்கு" என்று தங்கள் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுதினவருக்கு அவருடைய ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 70 வருடமும் உரிமை கொடுக்கிறது, தன் பெயர் போடப்பட வேண்டும் என்று கேட்கிற உரிமையும் அதில் இருக்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை, ஆக்கினதோடு உரிமை வந்துவிடும். அவளுக்கு இது தெரியாது. தெரிந்த பிறகும், "விடுங்கோ மாமா, பேப்பரிலை வந்ததே காணும்" என்கிறாள். அவளுடைய தாய் அந்தப் பக்கத்தை வெட்டி, சாமியறையில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறா. சுருதி ஞானம் போதாது என்ற வரி அதில் இருப்பதைப் பற்றி அவவுக்குக் கவலை இல்லை.

எனக்குக் கவலை அந்தப் பெட்டிதான். தாய் அந்தத் துண்டுக்குக் கீழே ஒட்டுவதற்கு இன்னொரு துண்டு வேண்டும். ஆகவே திருத்தத்தை அடுத்த ஞாயிறு அதே கலைப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுமாறு கேட்கிறேன். உள் மூலையில் மரண அறிவித்தல்களுக்கு நடுவே வேண்டாம். பிள்ளையின் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. தன்னை வைத்துக் கடிதச் சண்டை நடப்பதை அவள் விரும்பவில்லை. சொல், மெட்டு, குரல் ஆகிய மூன்றுக்கும் நேரே எழுத வேண்டிய பெயர், அவளுடைய கையெழுத்தோடு தனித் தாளில் இணைத்திருக்கிறேன். ஆர்மோனியத்துக்கு நேரே அவளுடைய தாத்தாவின் பெயரைப் போடச் சொல்கிறாள். வாசித்தது அவள்தான். ஆனாலும் அப்படியே போடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: அவளுடைய பெயரில் வருவது ழகரம். சென்ற ஞாயிறு ளகரம் போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் றெக்கோடிங் பார்க்காரன்,
கொக்குவில்.